எக்கி அமைப்புகளின் ஆற்றல் பயனுறுதிறன்

எக்கி அமைப்புகளின் ஆற்றல் பயனுறுதிறன் என்பது, எக்கி (பம்பு), அதை இயக்கும் மின்னோடி (மோட்டார்), குழாய்கள், வால்வுகள் ஆகியன சேர்ந்த ஒரு முழு அமைப்பு, தான் பெறும் மின்னாற்றலில் எவ்வளவு பங்கை நீரையோ பிற நீர்மத்தையோ தேவையான இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பயனுள்ள வேலையாக மாற்றுகின்றது என்பதைக் குறிக்கும் அளவாகும். இது பெரும்பாலும் விழுக்காட்டில் கூறப்படுகின்றது. எக்கியின் பயனுறுதிறனும் எக்கி அமைப்பின் பயனுறுதிறனும் ஒன்றல்ல. மிகச் சிறந்த எக்கியும் பொருந்தாத குழாயில் இணைக்கப்பட்டால் மின்சாரத்தை வீணாக்கும்.

உலகில் பயன்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ 45 விழுக்காடு மின்னோடி அமைப்புகளால் நுகரப்படுகின்றது என்று பன்னாட்டு ஆற்றல் முகமை 2011ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை ஒன்று மதிப்பிட்டது. இதில் எக்கிகளின் பங்கு கணிசமானது. இக்கட்டுரை எக்கி அமைப்புகளில் ஆற்றல் இழக்கப்படும் இடங்களையும், இழப்பைக் குறைக்கும் முறைகளையும், தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை ஆகிய பகுதிகளின் ஆலைகளையும் கிணறுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகின்றது.

வரலாறு

மின்சாரம் வருவதற்கு முன்னர் தமிழ்நாட்டில் கிணற்று நீர் ஏற்றத்தாலும் கவலையாலும் இறைக்கப்பட்டது. கவலை தென்மாவட்டங்களில் கமலை என அழைக்கப்படுகின்றது. கவலையில் மாடுகள் சரிவான பாதையில் கீழ்நோக்கி நடந்து நீர் நிறைந்த சாலை மேலே இழுக்கும். மாட்டின் எடையும் இழுவிசைக்குத் துணை செய்யும் வகையில் அப்பாதை அமைக்கப்பட்டது. பாதையின் நீளம் கிணற்றின் ஆழத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டது. ஏற்றும் கருவியை ஏற்ற வேண்டிய உயரத்துக்குப் பொருத்துதல் என்னும் இன்றைய எக்கிப் பொறியியலின் முதல் விதி இப்பழைய கருவிகளிலேயே கடைப்பிடிக்கப்பட்டது எனலாம்.

மையவிலக்கு எக்கியின் தொடக்க வடிவத்தைப் பிரான்சு நாட்டவரான தெனி பப்பான் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கினார். 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் சான் அப்போல்டு என்பவரின் எக்கி சோதிக்கப்பட்டது. வளைந்த இதழ்கள் கொண்ட அதன் இம்பெல்லர் 68 விழுக்காடு பயனுறுதிறனைக் காட்டியது. நேரான இதழ்களைப் பயன்படுத்தியபோது பயனுறுதிறன் ஏறத்தாழ 24 விழுக்காடாகவே இருந்தது. இதழின் வடிவம் மட்டுமே இவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பது அன்று தெளிவாயிற்று.

1932ஆம் ஆண்டு பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் கோயம்புத்தூர் வட்டாரத்தில் மின்சாரப் பயன்பாடு விரிவடைந்தது. நூற்பாலைகளும், அவற்றைச் சார்ந்த வார்ப்பட ஆலைகளும், ஆழ்ந்த கிணறுகளை நம்பிய வேளாண்மையும் அங்கு எக்கித் தொழில் வளரக் காரணமாயின. இன்று இந்தியாவின் முதன்மையான எக்கி உற்பத்தி மையங்களுள் கோயம்புத்தூரும் ஒன்று. கள்ளக்குறிச்சி வட்டாரக் கிணறுகளிலும் ஆலைகளிலும் கோயம்புத்தூர் எக்கிகளைப் பரவலாகக் காணலாம்.

அடிப்படைக் கோட்பாடுகள்

நீரை உயர்த்தத் தேவையான திறன் இரண்டு அளவுகளைப் பொறுத்தது. ஒன்று, ஒரு நொடியில் பாயும் நீரின் அளவு. மற்றொன்று, மொத்த ஏற்ற உயரம். இவற்றின் தொடர்பு பின்வருமாறு:

நீர்த்திறன் (கிலோவாட்) = 9.81 × பாய்வு (நொடிக்கு லிட்டர்) × மொத்த ஏற்ற உயரம் (மீட்டர்) ÷ 1000

இழப்பே இல்லாத ஓர் அமைப்பு 1 கிலோவாட் மணி, அதாவது 1 யூனிட் மின்சாரத்தைக் கொண்டு 1 கனமீட்டர் (1000 லிட்டர்) நீரை ஏறத்தாழ 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும். நடைமுறையில் எந்த அமைப்பும் இந்த எல்லையை எட்டுவதில்லை.

மொத்த ஏற்ற உயரம் என்பது இரண்டு பகுதிகளைக் கொண்டது.

* நிலை உயரம்: நீர்மட்டத்துக்கும் நீர் விழும் இடத்துக்கும் இடைப்பட்ட செங்குத்து உயரம். நீர் பாய்ந்தாலும் பாயாவிட்டாலும் இது மாறாது.
* உராய்வு உயரம்: குழாய், வளைவு, வால்வு ஆகியவற்றின் தடையை வெல்லத் தேவையான கூடுதல் உயரம். பாய்வு இருமடங்கானால் இது ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

ஓர் அமைப்பில் இவ்விரண்டில் எது மிகுதி என்பதைப் பொறுத்தே எந்தச் சேமிப்பு முறை பயன்தரும் என்பது முடிவாகின்றது.

ஒவ்வொரு மையவிலக்கு எக்கிக்கும் அதன் பயனுறுதிறன் உச்சமாக இருக்கும் ஒரு பாய்வும் அதற்குரிய உயரமும் உண்டு. இது சிறந்த இயக்கப் புள்ளி எனப்படும். இப்புள்ளியிலிருந்து விலகி இயங்கும் எக்கியில் பயனுறுதிறன் குறைவதுடன் அதிர்வும் தேய்மானமும் கூடும்.

ஆற்றல் இழக்கப்படும் இடங்கள்

மின்சாரம் நீரை அடைவதற்குள் பல கட்டங்களைக் கடக்கின்றது. ஒவ்வொரு கட்டத்தின் பயனுறுதிறனும் அடுத்த கட்டத்தின் பயனுறுதிறனுடன் பெருக்கப்படுவதால் மொத்த இழப்பு மிகுதியாகின்றது. எடுத்துக்காட்டாக, ஒரு மின்னோடியின் பயனுறுதிறன் 85 விழுக்காடு, எக்கியின் பயனுறுதிறன் 60 விழுக்காடு எனக் கொள்வோம். செலுத்தப்படும் 100 பங்கு மின்சாரத்தில் 51 பங்கே நீரை அடையும். அதில் 30 விழுக்காடு குழாயிலும் வால்விலும் உராய்வாக இழக்கப்பட்டால் பயனாகும் பங்கு ஏறத்தாழ 36 மட்டுமே. தனித்தனியே பார்க்கும்போது எந்தக் கட்டமும் மிக மோசமானதாகத் தோன்றாது என்பது குறிப்பிடத்தக்கது.

நடைமுறையில் காணப்படும் முக்கிய காரணங்கள் பின்வருமாறு:

* தேவைக்கு மீறிய எக்கி: வடிவமைப்பாளர், கொள்முதல் செய்பவர், விற்பவர் ஆகிய ஒவ்வொருவரும் பாதுகாப்புக்கெனச் சிறிது கூட்டுவதால் இறுதியில் பெரிய எக்கி பொருத்தப்படுகின்றது.
* வால்வைக் குறுக்குதல்: மிகையான பாய்வைக் கட்டுப்படுத்த வால்வு பாதி மூடப்படுகின்றது. எக்கி உண்டாக்கிய அழுத்தம் வால்விலேயே வெப்பமாக வீணாகின்றது.
* சிறிய குழாய்: விலை குறைவு என்பதற்காகக் குறுகிய குழாய் தேர்ந்தெடுக்கப்படுகின்றது.
* தடை மிகுந்த புட்வால்வும் தேவையற்ற வளைவுகளும்.
* தேய்ந்த இம்பெல்லரும் தேய்வு வளையமும்: இடைவெளி கூடும்போது அழுத்தப்பட்ட நீரின் ஒரு பகுதி மீண்டும் உறிஞ்சு பக்கத்துக்கே கசிகின்றது.
* பலமுறை சுருள் மாற்றிக் கட்டப்பட்ட மின்னோடி.
* குறைந்த மின்னழுத்தமும் குறைந்த திறன் காரணியும்.

சேமிப்பு முறைகள்

குழாயின் விட்டத்தை மாற்றுதல்

ஒரே அளவு நீர் பாயும்போது உராய்வு இழப்பு, குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் அமைகின்றது. நொடிக்கு 10 லிட்டர் நீர் 100 மீட்டர் நீளமுள்ள 75 மில்லிமீட்டர் குழாயில் பாயும்போது உராய்வு உயரம் ஏறத்தாழ 7 மீட்டர். அதே நீர் 100 மில்லிமீட்டர் குழாயில் பாய்ந்தால் அது ஏறத்தாழ 1.65 மீட்டராகக் குறைகின்றது. மிச்சமாகும் 5 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், 50 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட எக்கித் தொகுதியில் ஏறத்தாழ 1 கிலோவாட் சேமிப்புக்குச் சமம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் இயங்கினால் இது 8 யூனிட்டுக்கும் மேலாகும். எனினும், குழாய் மாற்றிய பின் அதே எக்கி முன்னைவிட மிகுதியான நீரைத் தள்ளத் தொடங்கும். எனவே சேமிப்பைப் பெற எக்கியின் அளவையோ இயங்கும் நேரத்தையோ குறைக்க வேண்டும்.

புட்வால்வை மாற்றுதல்

கிணற்று எக்கிகளில் உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள புட்வால்வு சிறிய பொருளாயினும் பெரிய தடையாகும். 1980களில் குஜராத்தில் நடந்த களப்பணிகள், புட்வால்வையும் குழாயையும் மட்டும் மாற்றினாலே குறிப்பிடத்தக்க அளவு ஆற்றல் மிச்சமாகும் என்று காட்டின.

இம்பெல்லரைச் செதுக்குதல்

நிலையாக மிகை அழுத்தம் தரும் எக்கியில் இம்பெல்லரின் வெளிவிட்டத்தைக் கடைசல் பொறியில் குறைக்கலாம். வால்வை நிரந்தரமாகக் குறுக்கி வைப்பதைவிட இது மலிவானது. ஆயினும் ஒருமுறை செதுக்கியதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர இயலாது. எக்கியின் உறை மாறாதிருப்பதால், மிகுதியாகச் செதுக்கினால் பயனுறுதிறனும் குறையும்.

வேகத்தை மாற்றுதல்

மாறு அதிர்வெண் இயக்கி (வி.எஃப்.டி.) என்னும் மின்னணுக் கருவி மின்னோடியின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றுகின்றது. எக்கியின் ஒப்புமை விதிகளின்படி பாய்வு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், உயரம் வேகத்தின் இருமடிக்கும், திறன் வேகத்தின் மும்மடிக்கும் நேர்விகிதத்திலும் அமைகின்றன. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் பாய்வு 80 விழுக்காடாகவும், உயரம் 64 விழுக்காடாகவும், திறன் ஏறத்தாழ 51 விழுக்காடாகவும் குறையும்.

இந்தக் கணக்கு உராய்வு மிகுந்த அமைப்புகளுக்கே முழுமையாகப் பொருந்தும். நிலை உயரம் மிகுந்த இடங்களில் இதை அப்படியே நம்புவது தவறாகும். எடுத்துக்காட்டாக, பாய்வு இல்லாத நிலையில் 60 மீட்டர் உயரம் வரை தள்ளக்கூடிய எக்கி ஒன்று, 40 மீட்டர் நிலை உயரமுள்ள ஆழ்துளைக் கிணற்றில் இயங்குவதாகக் கொள்வோம். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் அதனால் 38.4 மீட்டர் வரையே தள்ள இயலும். மின்னோடி சுழன்றுகொண்டிருக்கும், ஆனால் ஒரு துளி நீரும் வெளிவராது.

பல எக்கிகளை இணையாக இயக்குதல்

தேவை நேரத்துக்கு நேரம் மாறும் இடங்களில் ஒரு பெரிய எக்கிக்குப் பதிலாகப் பல சிறிய எக்கிகளை இணையாக அமைத்து, வேண்டிய எண்ணிக்கையை மட்டும் இயக்கலாம்.

கள்ளக்குறிச்சி வட்டார ஆலைகள்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று தொடங்கப்பட்டது. கரும்பு, நெல், மரவள்ளி ஆகியன இங்கு முதன்மையான பயிர்கள். எனவே சர்க்கரை ஆலைகள், நவீன அரிசி ஆலைகள், சேகோ ஆலைகள் ஆகியவையே இவ்வட்டாரத்தின் முக்கிய தொழிற்கூடங்கள். இவை மூன்றும் நீரையோ சாற்றையோ பாலையோ ஓயாது தள்ளிக்கொண்டிருக்கும் ஆலைகளாகும்.

சர்க்கரை ஆலைகள்

மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் அமைந்துள்ளன. எந்தவொரு சர்க்கரை ஆலையிலும் பலவகை எக்கிகள் இருக்கும். கரும்புச்சாறு, பாகு, கொதிகலனுக்கான ஊட்டுநீர் ஆகியவற்றுக்கு மையவிலக்கு எக்கிகள் பயன்படுகின்றன. பிசுபிசுப்பு மிகுந்த மொலாசசு போன்றவற்றுக்கு இடப்பெயர்ச்சி வகை எக்கிகள் பயன்படுகின்றன.

இவற்றுள் மிகுதியான மின்சாரத்தை நுகர்பவை பெரும்பாலும் குளிர்நீர் எக்கிகளே. சாற்றைக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்க வைக்க ஆவியாக்கியிலும் பாகு காய்ச்சும் கலன்களிலும் வெற்றிடம் தேவை. கலனிலிருந்து வரும் நீராவியைக் கண்டென்சரில் நீர் தெளித்துக் குளிர்விப்பதன் மூலம் இவ்வெற்றிடம் பேணப்படுகின்றது. சூடான நீர் பின்னர் தெளிப்புக் குளத்தில் குளிர்விக்கப்பட்டு மீண்டும் அனுப்பப்படுகின்றது. உயரம் குறைவாயினும் நீரின் அளவு மிகப் பெரிது.

ஆலையின் அரவை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கரும்பு வரத்துக் குறையும் நாளிலும், பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், நீராவி குறைகின்றது. ஆனால் எக்கிகள் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருந்தால், தேவைக்கு மீறிய நீர் கண்டென்சர் வழியே சும்மா சுற்றி வரும். கண்டென்சருக்குள் செல்லும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டை அளந்தால் இதை எளிதில் அறியலாம். வேறுபாடு மிகக் குறைவாக இருந்தால் நீர் மிகுதி என்பது பொருள். வெற்றிடத்தையும் வெப்பநிலையையும் கொண்டு எக்கியின் வேகத்தைத் தானாக மாற்றும் கட்டுப்பாட்டு முறைகள் பல ஆலைகளில் பயன்பாட்டில் உள்ளன. இங்கு வேக மாற்றத்தின் வரம்பு கண்டென்சரின் உயரத்தையும் தெளிப்பானுக்குத் தேவையான அழுத்தத்தையும் பொறுத்தது.

கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் தயாரிக்கும் இணை மின்னுற்பத்தி வசதியுள்ள ஆலைகளில், உள்ளே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வெளியே விற்கத்தக்க யூனிட்டாகும். கூட்டுறவு ஆலைகளில் உறுப்பினர்கள் கரும்பு விவசாயிகளே என்பதால், ஆலையின் உற்பத்திச் செலவு கரும்புப் பணம் உரிய காலத்தில் கிடைப்பதுடன் தொடர்புடையது.

சேகோ ஆலைகள்

சின்னசேலம், ஆத்தூர், சேலம் ஆகிய பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் தயாரிக்கும் சேகோ ஆலைகள் உள்ளன. இவ்வாலைகளின் கூட்டுறவு விற்பனை அமைப்பான சேகோசர்வ் 1981இல் சேலத்தில் பதிவு செய்யப்பட்டது. கல்வராயன் மலையிலும் மரவள்ளி பயிரிடப்படுகின்றது.

சேகோ ஆலையில் கிழங்கைக் கழுவுதல், தோல் நீக்குதல், அரைத்தல், மாவுப்பாலை வடிகட்டுதல், தொட்டிகளில் படியவிடுதல் ஆகிய படிகள் உண்டு. ஏறத்தாழ எல்லாப் படிகளிலும் நீர் தேவை. கிழங்குடன் வரும் மணல் எக்கியின் இம்பெல்லரையும் தேய்வு வளையத்தையும் விரைவில் அரித்துவிடும். மணல் தொட்டி அமைத்தல், கழுவும் நீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்துதல், பருவம் தொடங்கும் முன் தேய்வு வளையங்களை மாற்றுதல் ஆகியன செலவு குறைந்த முறைகள். கிணற்றிலிருந்து எடுக்கப்படாத நீருக்கு ஏற்றச் செலவும் இல்லை, கழிவுநீராக வெளியேற்றும் செலவும் இல்லை.

அரிசி ஆலைகள்

புழுங்கல் அரிசி தயாரிப்பில் நெல்லை ஊறவைக்க நீரும், அவிக்க நீராவியும் தேவை. தொட்டிகளை நிரப்பும் எக்கிகள் நாளில் சில மணி நேரமே இயங்கும். இத்தகைய இடங்களில் விலை உயர்ந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைவிடச் சரியான அளவுள்ள எக்கியும், தொட்டி நிரம்பியதும் தானாக நிறுத்தும் மிதவைச் சாவியுமே போதுமானவை.

கிணறுகளும் நிலத்தடி நீரும்

கள்ளக்குறிச்சிச் சமவெளி நைசு, சார்னோக்கைட்டு போன்ற கடும்பாறைகளின் மேல் அமைந்தது. நிலத்தடி நீர் பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகின்றது. மாவட்டத்தின் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்படும் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன.

கடல்மட்டத்தில் ஓர் எக்கி காற்றழுத்தத்தின் துணையால் கோட்பாட்டளவில் 10.3 மீட்டர் ஆழத்திலிருந்தே நீரை உறிஞ்ச இயலும். நடைமுறையில் இது 6 அல்லது 7 மீட்டராகும். இதனால் நீர்மட்டம் இறங்க இறங்க, மேலே இருந்த மோட்டார்கள் கிணற்றுக்குள் மேடையிட்டு இறக்கப்பட்டன. பின்னர் நீரில் மூழ்கி இயங்கும் நீர்மூழ்கி மோட்டார்கள் பரவின.

தமிழ்நாட்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. சிறு விவசாயிகளுக்கு 1984 முதலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதலும் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுகின்றது. இந்தியாவில் நடந்த பல கள ஆய்வுகளில் பழைய வேளாண் எக்கித் தொகுதிகளின் பயனுறுதிறன் 20 முதல் 35 விழுக்காடு வரை மட்டுமே இருந்தது. இதற்கு விவசாயியின் கவனக்குறைவு மட்டும் காரணமன்று. மின்தடத்தின் கடைக்கோடியில் மின்னழுத்தம் குறைவாக இருக்கும்போது மோட்டார் எரிந்துபோகும். அதைத் தாங்குவதற்காகவே தேவைக்கு மீறிய குதிரைத்திறனும், தடித்த கம்பியில் மாற்றிக் கட்டிய சுருளும் விரும்பப்படுகின்றன. மின்சாரம் வந்ததும் ஆட்டோ சுவிட்சுகளால் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் இயங்கத் தொடங்குவதால் மின்னழுத்தம் மேலும் குறைகின்றது. ஒருவர் பெரிய மோட்டார் பொருத்தினால் பக்கத்து வயல்காரரும் பொருத்த நேரிடுகின்றது. மின்தேக்கிகள் பொருத்துவதும், உயர் மின்னழுத்தத் தடத்தை வயல் வரை கொண்டுவந்து சிறிய மின்மாற்றிகள் அமைப்பதும் இச்சுழலை உடைக்கும் வழிகளாகும்.

நீர்மட்டம் இறங்குவது பயனுறுதிறனால் கிடைக்கும் நன்மையை முழுவதும் விழுங்கிவிடக்கூடும். 30 மீட்டர் ஆழத்திலிருந்து 30 விழுக்காடு பயனுறுதிறனுடன் 1 கனமீட்டர் நீர் எடுக்க ஏறத்தாழ 0.27 யூனிட் தேவை. 60 மீட்டர் ஆழத்திலிருந்து 60 விழுக்காடு பயனுறுதிறனுடன் எடுக்கவும் அதே 0.27 யூனிட் தேவை. நீர்மட்டம் இருமடங்கு ஆழமானால், இருமடங்கு சிறந்த எக்கியும் பழைய நிலையிலேயே நிறுத்தும்.

கல்வராயன் மலைப்பகுதி

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். பெரும்பாலும் 2000 முதல் 3000 அடி வரை உயரமுள்ள இம்மலையில் மலையாளி பழங்குடியினர் வாழ்கின்றனர். கோமுகி, மணிமுத்தா ஆகிய ஆறுகள் இம்மலையில் தோன்றுகின்றன. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை அமைந்துள்ளது. அணையிலிருந்து கால்வாயில் பாயும் நீருக்கு மின்சாரம் தேவையில்லை.

மாறாக, சமவெளியிலிருந்து மலைக்கு நீரேற்றுவது மிகுந்த செலவுடையது. 1 கனமீட்டர் நீரை 600 மீட்டர் உயர்த்த இழப்பில்லாத நிலையிலேயே ஏறத்தாழ 1.6 யூனிட் தேவை. அமைப்பின் பயனுறுதிறன் 40 விழுக்காடாயின் இது 4 யூனிட்டைத் தாண்டும். எனவே மலையூர்களுக்கு அவற்றுக்கு மேலேயுள்ள ஓடைகள், ஊற்றுகள் ஆகியவற்றிலிருந்து புவியீர்ப்பால் நீர் கொண்டுவருவதே முதலில் ஆராயத்தக்க வழியாகும்.

ஓடை ஊருக்குக் கீழே இருந்தால் நீர்மத் திமிசு என்னும் கருவி பொருந்தலாம். 1796இல் பிரான்சின் மோன்கோல்பியே உருவாக்கிய இக்கருவி, பாயும் நீரை வால்வால் திடீரென நிறுத்தும்போது எழும் அழுத்தத்தைக் கொண்டு அந்நீரின் சிறு பகுதியை மேலே தள்ளுகின்றது. மின்சாரமோ எண்ணெயோ வேண்டியதில்லை. 3 மீட்டர் வீழ்ச்சியைக் கொண்டு 30 மீட்டர் உயர்த்தும்போது, 60 விழுக்காடு பயனுறுதிறனில், உள்ளே வரும் நீரில் 6 விழுக்காடு மேலே சேரும். எஞ்சிய நீர் ஓடைக்கே திரும்பும்.

மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதும் கருதத்தக்கது. 900 மீட்டர் உயரத்தில் உறிஞ்சும் எல்லை கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 1 மீட்டர் குறையும். சமவெளியில் நன்கு இயங்கிய உறிஞ்சு எக்கி மலையில் நீரெடுக்கத் தடுமாறுவதற்கும், உள்ளே ஆவிக்குமிழ்கள் தோன்றி இம்பெல்லரை அரிப்பதற்கும் இது காரணமாகலாம்.

மின்தடம் எட்டாத இடங்களில் சூரிய ஆற்றல் எக்கிகள் பயன்படுகின்றன. இதற்கு 2019இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் பிஎம்-குசும் திட்டத்தின் கீழ் மானியம் வழங்கப்படுகின்றது. வெயில் இலவசம் என்பதால் பயனுறுதிறன் முக்கியமன்று என்பது தவறான கருத்தாகும். பயனுறுதிறன் பாதியாக இருந்தால் அதே நீருக்கு இருமடங்கு சூரியத் தகடுகள் தேவைப்படும்.

அளவிடும் முறை

விலையுயர்ந்த கருவிகள் இன்றியே ஓர் எக்கித் தொகுதியின் பயனுறுதிறனைத் தோராயமாகக் கணிக்கலாம்.

1. 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப ஆகும் நேரத்தை அளக்க வேண்டும். 25 நொடி ஆனால் பாய்வு நொடிக்கு 8 லிட்டர்.
2. எக்கி ஓடும்போது கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து நீர் விழும் இடம் வரையுள்ள உயரத்தை அளக்க வேண்டும். இது 26 மீட்டர் எனக் கொள்வோம்.
3. குழாயின் நீளம், விட்டம் ஆகியவற்றிலிருந்து உராய்வு உயரத்தை அட்டவணையில் காண வேண்டும். இது 4 மீட்டர் எனில் மொத்த ஏற்ற உயரம் 30 மீட்டர்.
4. நீர்த்திறன் = 9.81 × 8 × 30 ÷ 1000 = 2.35 கிலோவாட்.
5. மின்அளவி காட்டும் திறன் 6 கிலோவாட் எனில் பயனுறுதிறன் 2.35 ÷ 6, அதாவது ஏறத்தாழ 39 விழுக்காடு.

எக்கி ஓடாதபோது உள்ள நீர்மட்டத்தை அளப்பது பொதுவாகச் செய்யப்படும் பிழையாகும். ஓடத் தொடங்கியதும் கிணற்று நீர்மட்டம் பல மீட்டர் இறங்கக்கூடும்.

பொருளாதாரம்

ஓர் எக்கியின் வாழ்நாள் செலவில் வாங்கும் விலை சிறு பகுதியே. 7.5 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் ஆலை எக்கி ஒன்று ஆண்டுக்கு 3000 மணி நேரம் இயங்கினால் 22,500 யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் ஆண்டு மின்செலவு 1,57,500 ரூபாய். தொகுதியின் பயனுறுதிறனை 45இலிருந்து 60 விழுக்காடாக உயர்த்தினால் அதே வேலைக்கு 25 விழுக்காடு மின்சாரம் குறையும். மிச்சம் ஆண்டுக்கு 39,375 ரூபாய்.

சட்டங்களும் தரங்களும்

இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன்கீழ் ஆற்றல் திறன் பணியகம் 2002 மார்ச் 1 அன்று அமைக்கப்பட்டது. இப்பணியகம் 2006இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீட்டுத் திட்டத்தில் வேளாண் எக்கித் தொகுதிகளும் சேர்க்கப்பட்டன. நட்சத்திரம் கூடக் கூடப் பயனுறுதிறன் மிகுதி. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 8034 நீர்மூழ்கி எக்கித் தொகுதிகளுக்கும், ஐ.எஸ். 9079 ஒற்றைத்தொகுதி எக்கிகளுக்கும், ஐ.எஸ். 14220 திறந்த கிணற்று நீர்மூழ்கி எக்கிகளுக்கும் உரிய தரங்களாகும். மின்னோடிகளுக்கான பன்னாட்டுப் பயனுறுதிறன் வகுப்புகள் 2008இல் வரையறுக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் நீர் எக்கிகளுக்குக் குறைந்தபட்சப் பயனுறுதிறனைக் கட்டாயமாக்கியது.

வரம்புகளும் விமர்சனங்களும்

பயனுறுதிறன் உயர்ந்தால் நுகர்வு தானாகக் குறையும் என்பது எப்போதும் உண்மையன்று. நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் பொறிகள் வந்தபின் நிலக்கரி நுகர்வு கூடியதை இசுட்டான்லி செவன்சு 1865இல் சுட்டிக்காட்டினார். கட்டணமில்லா மின்சாரத்தில் இயங்கும் கிணற்றில் சிறந்த எக்கியைப் பொருத்தினால், அதே நேரத்தில் மிகுதியான நீர் வெளிவரும். மின்சாரம் மிச்சமாகாமல் நீர்மட்டம் மட்டும் விரைந்து இறங்கக்கூடும்.

மேலும், எக்கிக்கான செலவு விவசாயியுடையது, மிச்சமாகும் மின்சாரத்தின் பயனோ மின் பகிர்மான நிறுவனத்துடையது. இம்முரணைத் தீர்க்கப் பஞ்சாப் மாநிலம் 2018இல் தொடங்கிய திட்டம், ஒதுக்கப்பட்ட அளவுக்குக் கீழே விவசாயி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் வழங்கியது. நீரையும் மின்சாரத்தையும் ஒருங்கே மிச்சப்படுத்துவது இதன் நோக்கம்.

சொட்டுநீர்ப் பாசனம் இதற்கு மற்றொரு துணையாகும். இதற்கு ஏறத்தாழ 10 மீட்டர் நீர் உயரத்துக்கு இணையான கூடுதல் அழுத்தம் தேவைப்பட்டாலும், தேவைப்படும் நீர் குறைவதால் ஆழமான கிணறுகளில் மொத்த ஆற்றல் குறையும். ஆழமற்ற கிணறுகளில் இச்சேமிப்பு சிறிதாகவோ இல்லாமலோ போகலாம். சொட்டுநீர் அமைத்தபின் பாசனப் பரப்பையும் பெருக்கினால், நிலத்தடி நீருக்குக் கிடைக்கும் பயன் மறைந்துவிடும்.

இவற்றையும் பார்க்க

* மையவிலக்கு எக்கி
* மின்னோடி
* கவலை ஏற்றம்
* சொட்டுநீர்ப் பாசனம்
* நிலத்தடி நீர்
* கல்வராயன் மலை
* கோமுகி அணை